பாக்கியம் அண்ணி சீட்டாடிய விதம்

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய அண்ணி,

வருகிற தீபாவளியோடு நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கோலசிலாங்கூர் அப்படியேதான் இருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நீங்கள் இட்லிக் கடை போட்டிருந்த இடத்தில் இப்போது ஒருவன் கைக்கடிகாரமும் கேசட்டும் விற்கிறான். தஞ்சோங் காராங் பஸ் டிரைவர்கள் காலையில் பழக்கதோஷத்தில் அங்கே வந்து நின்றுவிட்டு, வெறும் வயிற்றோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். என்னைக் கட்டிய உங்கள் தம்பி நலம். சாயங்காலம் ஆனால் கொஞ்சம் கூடுதல் நலம். அது உங்களுக்குத் தெரியாததா?

உங்கள்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சீட்டைப் பற்றிப் பேசலாம். நாம் இருவரும் எதைப் பேச உட்கார்ந்தாலும் கடைசியில் அங்கேதானே வந்து நிற்போம்?

போக்கர் என்ற சொல்லையே நான் உங்கள் வாயால்தான் முதலில் கேட்டேன். உங்கள் வீட்டுக்காரர் துரைமார் கிளப்பில் வேலை பார்த்தவர். மூலை மடங்கிய சீட்டுக்கட்டை அங்கே தூக்கிப்போட்டால் வீட்டுக்கு எடுத்து வருவார். கூடவே அன்றைக்குத் துரைகள் ஆடிய ஆட்டத்தையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, உங்களோடு பாயில் உட்கார்ந்து ஆடிக் காட்டுவார். அவர் தவறிப்போன பிறகு தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நீங்கள் ஒரு இட்லிச் சட்டியும் ஒரு சீட்டுக்கட்டுமாக, எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் வாடகைக்கு வந்து சேர்ந்தீர்கள். பிள்ளை குட்டி இல்லை. அழுது பார்த்த ஞாபகமும் எனக்கு இல்லை.

மத்தியானத்தில் கடையைக் கட்டிவிட்டு வருவீர்கள். உங்கள் தம்பி நெல் ஏற்ற லோரியோடு சுங்கை புரோங் பக்கம் போயிருப்பார். நீங்கள், நான், மார்க்கெட்டில் மீன் விற்கும் ஆ லான் அக்கா. ஆளுக்கு ஐந்து சீட்டு. முதல் சீட்டு கவிழ்ந்திருக்கும், அது அவரவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற நான்கும் ஒவ்வொன்றாக எல்லோரும் பார்க்கத் திறந்து விழும். ஒவ்வொன்று விழுந்ததும் பந்தயம். பந்தயம் கட்ட ஆளுக்கு ஒரு சிரட்டை ரப்பர் கொட்டை. கொட்டை தீர்ந்தவர் எழுந்து தேத்தண்ணி கலக்க வேண்டும். ஆரம்பத்தில் அந்த வீட்டில் தேத்தண்ணி கலக்கியது முழுக்க நான்தான்.

ஏனென்றால் வந்த சீட்டையெல்லாம் ஆடுவேன். கையில் வந்ததை வீணாக்கக் கூடாது என்று ஒரு எண்ணம். நீங்கள் என் இலையைப் பார்ப்பதுபோல் என் சீட்டைப் பார்த்துச் சொன்னீர்கள்.

“பந்தியில உக்காந்தா வெச்சதெல்லாம் திங்கணுமா? ஒத்துக்காதத ஓரமா ஒதுக்கி வை லா.”

நீங்கள் அப்படித்தான் ஆடினீர்கள். பாதிக்கு மேல் ஆட்டங்களில் இரண்டாவது சீட்டிலேயே சீட்டை மடக்கி விலகிவிடுவீர்கள். மடக்கிய பிறகும் எழுந்து போக மாட்டீர்கள். அப்போதுதான் உங்கள் வேலையே ஆரம்பிக்கும். சீட்டு விழும்போது நாங்கள் எல்லோரும் சீட்டைப் பார்ப்போம், நீங்கள் எங்களைப் பார்ப்பீர்கள். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். “சீட்டு எங்கயும் ஓடாது சரசு. மூஞ்சி ஓடிடும்,” என்றீர்கள். ஆ லான் அக்கா கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கொட்டையை அள்ளி வீசுவார், நல்ல சீட்டு இருந்தால் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். அதை நீங்கள் சொல்லாமலே நான் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு நீங்கள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீர்கள்.

இன்னொன்று, தோற்றால் உடனே அடுத்த சீட்டை எடுக்க மாட்டீர்கள். எழுந்து போய்க் கொடியில் கிடக்கும் துணியை மடித்துவிட்டு வருவீர்கள். தோற்ற சூட்டில் ஆடுகிற ஆட்டம் நம் ஆட்டம் இல்லை என்பது உங்கள் கட்சி. நான் தோற்கும் நாட்களில் எங்கள் வீட்டுத் துணியெல்லாம் மடித்து அடுக்கியாகிவிடும். உங்கள் தம்பிக்கு அதில் பரம சந்தோஷம், காரணம் தெரியாமலே.

இப்படி ஒரு வருடம் போன பிறகுதான் அதைச் சொன்னீர்கள்.

“எல்லாம் கத்துக்கிட்டே. ஆனா உன் சீட்ட நீயே சொல்லிடுறியே.”

“நான் எங்கண்ணி சொன்னேன்?”

“நல்ல சீட்டு விழுந்தா உன் கை தாலிக்குப் போவுது. தொட்டு ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கிறே. அம்மனுக்கு நன்றி சொல்றியாக்கும். ஆ லானுக்கே தெரிஞ்சுபோச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்ல சேதி வந்தால் தாலியைத் தொட்டுக் கும்பிடுவது எங்கள் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம், கை தானாகப் போகும். அப்புறம் நீங்கள் சிரித்துக்கொண்டே, “எனக்கு அந்தத் தொல்லை இல்ல பாரு. அதான் என் சீட்டு ஒருத்தனுக்கும் தெரியல,” என்றீர்கள். எனக்கு அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை அண்ணி. இன்றைக்கும் முடியவில்லை.

அந்தத் தீபாவளிக்கு உங்கள் அண்ணன் பத்தாங் காலியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். நல்ல மனுஷர், ஆனால் எல்லோருடைய வண்டியையும் தானே ஓட்ட வேண்டும் என்று நினைக்கிறவர். அவர் மனைவி தொழிற்சாலை வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். வீட்டில் நான்கு பிள்ளைகள். பாக்கியம் வந்து இருந்தால் பிள்ளைகளுக்கும் ஆயிற்று, தனியாக இருக்கும் தங்கைக்கும் ஆயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். உங்களிடம் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே என் புருஷனிடம் சொன்னார், அடுத்த வாரம் லோரி கொண்டுவந்து சாமான் ஏற்றலாம் என்று.

நீங்கள் ரசத்தை ஊற்றிவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள். “நான் எங்கயும் வரலண்ணே. எனக்குக் கடை இருக்கு.”

“பொம்பள தனியா பஸ் ஸ்டாண்டுல இட்லி வித்தா ஊரு என்ன பேசும்?”

“நல்லாருக்குன்னு பேசுது.”

அவர் குரல் ஏறியது. உங்கள் தம்பி வழக்கம்போல் இலையைப் பார்த்தார். வீட்டுக்கு மூத்த ஆண் சொன்னால் சொன்னதுதான், அதற்குமேல் அங்கே யாருக்கும் வாய் இல்லை. அப்போதுதான் நீங்கள் அந்தக் குண்டைப் போட்டீர்கள். “சரிண்ணே. ஒரு சிரட்டை ஆடுவோம். நீங்க ஜெயிச்சா நான் வர்றேன். தோத்தா இந்தப் பேச்ச இனிமே நீங்க எடுக்கக் கூடாது.”

தீபாவளிக்குத் தீபாவளி உங்களிடம் தோற்றவர் அவர். அதனால் சிரித்துக்கொண்டு, “உன்கூட மாட்டேன். சரசு ஆடட்டும்,” என்றார். என்னோடு ஆடும்போது அவர் சீட்டைப் பார்ப்பதே இல்லை, என் கழுத்தைத்தான் பார்ப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், “ஆடட்டும்,” என்றீர்கள்.

உங்களை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். “என்னண்ணி இது, உங்க பொழப்ப என் கையில குடுக்குறீங்க?”

“ஏன், உன் கைக்கு என்ன? பயந்தா பயந்த மாதிரியே ஆடு. அவசரப்படாதே.” அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

டிவியில் மத்தியானத் தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. ஆட ஆட என் சிரட்டை இறங்கிக்கொண்டே போனது. அப்புறம் அந்த ஆட்டம் வந்தது. அவருக்கு எட்டு ஜோடி திறந்தே கிடந்தது. என் முன்னால் நான்கு, ஒன்பது, ஏழு. கவிழ்ந்து கிடந்தது மூன்று. ஒன்றோடொன்று சேராத சீட்டு, நாலு வீட்டு விருந்தாளிகள்போல. நான் மடக்கியிருக்க வேண்டும், பயத்தில் கை ஓடவில்லை. கடைசிச் சீட்டு திறந்து விழுந்தது, ராஜா.

கவிழ்ந்திருப்பதும் ராஜாவாக இருந்தால் ராஜா ஜோடி, எட்டு ஜோடியை அடித்துவிடும். அது மூன்று என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

என் கை மடியில் கிடந்தது. அது தானாகப் போகவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். பொய்யாகத் தாலியைத் தொடுவதா? கட்டியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நீங்கள் கதவோரம் முறுக்குத் தட்டோடு நின்றீர்கள். உங்களை லோரியில் சாமானோடு சாமானாக ஏற்றுவதை நினைத்துப் பார்த்தேன். தொட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சிரட்டையில் இருந்த மிச்சக் கொட்டையையெல்லாம் நடுவில் தள்ளினேன்.

உங்கள் அண்ணன் வெகுநேரம் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு எட்டு ஜோடியை மடக்கினார். என் கவிழ்ந்த சீட்டைப் பார்க்கக் கை நீட்டியபோது நீங்கள் வந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தீர்கள். “மடக்கினவருக்குக் காட்டுற வழக்கம் இல்லண்ணே.”

அதன் பிறகு அவர் ஆடியது, விட்டதைப் பிடிக்க ஆடிய ஆட்டம். வந்த சீட்டையெல்லாம் ஆடினார். எழுந்து துணி மடிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படம் முடியும் முன்பே சிரட்டை காலி. ஆனால் சொன்ன சொல் தவறாத மனுஷர். “சரி, இனிமே பேச மாட்டேன்,” என்று எழுந்து, இன்னொரு முறை ஆட்டுக்கறி போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

எல்லோரும் போன பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்களோ கையைக் கழுவிக்கொண்டே கேட்டீர்கள்.

“எட்டு ஜோடி தெறந்து கெடக்கு. கையில மூணு. கடைசி சீட்டு வரைக்கும் ஏன் இருந்தே?”

“ஜெயிச்சுட்டோம்லண்ணி.”

“ஜெயிச்சது வேற, ஆடினது வேற. கடைசியில ஆடினது ராணி ஆட்டம். அதுக்கு முன்ன ஆடினது தேத்தண்ணி ஆட்டம்.”

என்னைப் பாராட்டிய ஒரே வாய், அதே மூச்சில் திட்டியும்விட்டது. அந்த நேர்மையை நான் எந்தப் படித்தவரிடமும், எந்தச் சாமியாரிடமும் பார்த்ததில்லை அண்ணி. வெற்றி கண்ணை மறைக்காத ஆள் நீங்கள். அடுத்த வாரம் உங்கள் தம்பி மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தபோது, தாலிப் பொய்தான் பலித்துவிட்டது என்று நான் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். “அவன் குடிச்சுட்டு விழுந்தான். தாலி என்னம்மா பண்ணும் அதுக்கு?” என்று சொல்லி மாவாட்டப் போய்விட்டீர்கள்.

சில வருடங்கள் அப்படி உங்கள் வீட்டில், உங்கள் கடையில், நீங்கள் வைத்ததே சட்டமாக இருந்தீர்கள். பிறகு சர்க்கரை வியாதி காலுக்கு வந்தது. புண் ஆறவில்லை, நிற்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். நீங்கள் மளிகைக் கடைக்கு நொண்டிக்கொண்டு போய், பத்தாங் காலிக்குப் போன் போட்டீர்கள். “அண்ணே, காரு எடுத்துட்டு வாங்க. நான் அங்க வந்து இருந்துக்குறேன்.”

இதுதான் என் கோபம். கார் வந்து நின்றபோது நான் வாசலை விட்டு நகரவில்லை. உங்கள் அண்ணன் பாவம், அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உங்கள் மூட்டையைத் தூக்கினார். நான்தான் கத்தினேன்.

“அப்ப அன்னிக்கு எதுக்கு என்னை உக்கார வெச்சீங்க? எதுக்காக நான் தாலியத் தொட்டேன்?”

நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றீர்கள். “போட்ட கொட்டைய நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது சரசு,” என்றீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது சொன்னீர்கள். “இங்கயே இருக்கணும்னு நான் அன்னிக்குக் கேக்கல. எங்க இருக்கணும்கிறத நான் சொல்லணும்னு கேட்டேன். இன்னிக்கும் நான்தான் சொல்றேன்.”

எனக்கு அது அப்போது புரியவில்லை. தோல்வி என்று நினைத்தேன். நீங்கள் அங்கே மூன்று மாதம்தான் இருந்தீர்கள். அந்த நான்கு பிள்ளைகளுக்கும் சீட்டாடச் சொல்லிக் கொடுத்தீர்களாம், உங்கள் அண்ணன் காரியத்தன்று சொல்லிவிட்டு அழுதார். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகளும் உங்கள் அம்மாவும் ஒரே அறையில் படுத்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் மடக்கினீர்களா? எனக்குப் பாரமாகக் கூடாது என்றா? கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஒரு சேதி அண்ணி. என் பெண் மாலா ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். உங்கள் தம்பியும் அண்ணனும் போனிலேயே பேசி முடிவெடுத்துவிட்டார்கள், அவளைப் பத்தாங் காலிக்கு அனுப்பித் தொழிற்சாலையில் சேர்ப்பது என்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூட்டிப்போக வருகிறார். அந்தப் பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் நேற்றுவரை அவள் துணியை அயர்ன் பண்ணி அடுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் உட்காரும் இடத்தில் மாலாவுக்கும் ஒரு நாற்காலி போடுவேன். எங்கே போக வேண்டும், போக வேண்டுமா என்று முதலில் அவளைத்தான் கேட்பேன். உங்கள் அண்ணன் குரல் ஏறினாலும், உங்கள் தம்பி இலையைப் பார்த்தாலும், அவள் வாயிலிருந்து பதில் வரும்வரை ஒருவரையும் எழுந்திருக்க விட மாட்டேன். அவள் சொல்லும் இடம் எனக்கே பிடிக்காமல் போகலாம். போனால் போகட்டும், வாசலை மறித்துக்கொண்டு நிற்காமல் பெட்டியைக் கட்டிக் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் செய்து தரும் சத்தியம்.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
உங்களுக்குத் தங்கச்சியாகவே இருந்தவள்,
சரசு