சம்பந்திக்குச் சொல்லித்தந்த நாற்பது நிமிஷம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, மாடிக்குத் துணி காயப்போட அவளே போகிறாள், நான் போனால் கிளிப் போடாமல் வந்துவிடுகிறேனாம். நீ அனுப்பிய ஹப், எல்லாவற்றையும் ஒரே ஒயரில் லேப்டாப்போடு சேர்க்கிற அந்தச் சின்னப் பெட்டி, போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதே மாதிரி ஒன்று சம்பந்தி வீட்டுக்கும் போயிருக்கிறது என்பது அன்று சாயந்திரமே தெரிந்துவிட்டது. அவரே போன் பண்ணி, ஒரே ஒரு ஒயர்தான் சம்பந்தி, சொருகினேன், பெரிய திரை, கீபோர்டு, மவுஸ் எல்லாத்துக்கும் ஒண்ணா உயிர் வந்துடுச்சு என்றார். சந்தோஷம் என்று சொல்லி வைத்தேன். உன்னிடம் மறைப்பானேன், வயிறு எரிந்தது. பஸ் பணிமனையில் எஞ்சின் பார்த்து ரிட்டயரான மனுஷருக்குப் பறவைப் படம் பார்க்கப் பெரிய திரை வேண்டியிருக்கிறது. அதுவும் போன மாதம் வாங்கிய லேப்டாப்பில்.

தேவை எனக்குத்தான். அச்சகத்தில் நான் புரூப் பார்த்த நோட்டீசில் கண் மருத்துவமனை என்பது மண் மருத்துவமனை என்று அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. முதலாளி கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சார், வீட்டுக்கு ஒரு பெரிய திரை குடுக்கறேன், மூலத்தையும் புரூப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, இந்த நர்சிங் புத்தகத்துலயும் தப்பு வந்தா வேற ஆள்தான் பார்க்கணும் என்றார். அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் முந்நூறு பக்கம். ஆனால் உன் ஹப்பின் ஒயர் நுனி சின்னதாக, ஓரம் உருண்டு இருக்கிறது. என்னிடம் இருப்பது நீ காலேஜில் வைத்திருந்த லேப்டாப், அதில் பட்டையான பழைய யூஎஸ்பி ஓட்டைதான். கடைக்காரர் நுனியை மாற்றிச் சொருக ஒரு சின்னத் தலை கொடுத்தார். கீபோர்டு அடித்தது, மவுஸ் ஓடியது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. இரண்டு நாள் கழற்றிக் கழற்றி மாட்டினேன். சம்பந்தியைக் கேளுங்களேன் என்றாள் அம்மா. அவரைக் கேட்பதற்குப் பதில் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பேன் என்றேன். அவள் எனக்குத் தெரியாமல் போன் பண்ணிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். லேப்டாப்பைத் திருப்பி, பக்கவாட்டில் நீ ஒட்டியிருந்த பூ ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அதற்கு அடியில் திரை ஒயர் சொருகுகிற எச்டிஎம்ஐ ஓட்டை. ஹப்பில் இருந்த திரை ஒயரைப் பிடுங்கி நேராக அதில் சொருகினார், வெளிச்சம் வந்துவிட்டது. இந்தப் பழைய யூஎஸ்பி வழியா கீபோர்டு, மவுஸ் போகும், இந்த ஹப்புல இருந்து படம் போகாது சம்பந்தி, அதுக்கு லேப்டாப்புலயே வழி இருக்கணும், நம்ம பாப்பாதான் ஹப் வந்த அன்னைக்கு போன்ல நாப்பது நிமிஷம் பொறுமையா எல்லாம் சொல்லிக்குடுத்தா என்றார். உன்னைத்தான் சொல்கிறார், நம்ம பாப்பாவாம். என்னிடம் நீ என்ன சொன்னாய்? அதெல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா, கடைக்காரரைக் கேளுங்க என்றாய். காபியைக் கொடுத்து அனுப்பிவைத்தேன், முகத்தில் சிரிப்பு இருந்தது என்றுதான் நினைக்கிறேன், இல்லை என்கிறாள் அம்மா. நல்ல மனுஷர்தான், அதனால்தான் இன்னும் எரிகிறது.

புத்தகம் முடிந்தது. நூற்றுப் பத்து தப்பு பிடித்தேன், ஒன்று மூலத்திலேயே இருந்தது, மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. முதலாளி எழுந்து நின்று கை கொடுத்தார். அடுத்த புத்தகமும் எனக்குத்தான். இதை உன் மாமனாரிடம் நீயாகவே சொல், நான் சொன்னால் பீற்றிக்கொள்வதாக இருக்கும்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு. இங்கே எல்லாம் சரியாகவே ஓடுகிறது. இருந்தாலும் எந்த ஒயர் எதற்கு என்று முதலிலிருந்து எனக்கும் சொல்லிக்கொடு. நாற்பது நிமிஷத்துக்குக் குறையக் கூடாது.

இப்படிக்கு,
உன்னை முதன்முதலில் பாப்பா என்று கூப்பிட்ட
அப்பா