பெயரைச் சொல்லாமல் மீட்ட ஓடை

அன்பு மகள் ஜெரால்டினுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நாய்கள் எங்களைவிட நன்றாக இருக்கின்றன, ஹோபார்ட் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். அப்பா கங்காரு வாலைக் கரியாக்கிவிட்டு, வேண்டுமென்றே அப்படிச் சுட்டதாகச் சாதிக்கிறார்.

ஓடை விஷயம் ஜெயித்துவிட்டது, ஜெயித்த விதத்தைக் கேள். ஹேட்லி ஓடை என்ற வெள்ளைக்காரப் பெயரை எடுத்துவிட்டு நம் பழங்குடியின் பழைய பெயரை வைக்கச் சொல்லி உன் சின்னம்மா எத்தனை வருடம் ஊர் மன்ற வாசலில் உட்கார்ந்தாள், ஓட்டெடுப்புக்கு நாள் குறித்ததும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் கரையில் பிறந்தவளுக்கு ஓடையின் அந்தப் பழைய பெயரைத்தான் வைத்திருந்தார்கள், இறந்தவர் பெயரைத் துக்கம் கழியும்வரை நாம் சொல்லவும் கூடாது கேட்கவும் கூடாது. இங்கேயும் எழுதமாட்டேன், தேடாதே. மன்ற விதியோ, தலைவர் புதுப் பெயரை உரக்க வாசித்துத்தான் ஓட்டுக்கு விட வேண்டும் என்கிறது. தலைவன் யார், ஓடைக்குப் பெயர் கொடுத்த ஹேட்லியின் கொள்ளுப்பேரன் கிளைவ், என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்தவன். "உங்க வழக்கத்த மதிச்சுத் தள்ளி வச்சுடலாம் டீச்சர்" என்று உருகினான். வீட்டுப்பாடத்தை நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லும்போதும் இதே முகம்தான். "எதுக்குப்பா, நாங்க வெளிய போயிடுறோம், நீ வாசி. முணுமுணுக்காம வாசி" என்றேன். நம் ஆட்கள் எல்லோரும் வெயிலில் போய் நின்றோம், உன் டெஸ்மண்ட் மாமா காதில் விரலை விட்டுக்கொண்டு பாட்டு வேறு பாடினான். கண்ணாடிக்குள் கிளைவின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பின்வரிசையில் மூன்று பேர் "கேக்கல, இன்னொருவாட்டி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். மூவரும் என் பழைய மாணவர்கள்தான், நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

ஹேட்லி பலகையை அன்றே பிடுங்கிவிட்டார்கள். புதுப் பலகை போர்வை சுற்றிக்கொண்டு நிற்கிறது. "சுற்றுலா வர்றவங்க பேரு கேட்டா என்ன டீச்சர் சொல்றது?" என்று கிளைவ் புலம்புகிறான். "உனக்குத்தான் அது நல்லா வாயில வருதே மச்சான், எங்க காதுல விழாத தூரத்துல நின்னு நீயே சொல்லு" என்றான் டெஸ்மண்ட். பாவம், இப்போது ஹேட்லியின் கொள்ளுப்பேரன்தான் நம் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

துக்கம் கழிந்ததும் இறந்தவள் பெற்ற பிள்ளைதான் அந்தப் போர்வையை எடுக்க வேண்டும். அவள் பெறவில்லை, என் தங்கைக்குப் பிள்ளை நீதான். இப்போதே விடுப்புக்குச் சொல்லி வை. சித்தி என்றால் உன் மேலதிகாரி கொடுக்கமாட்டார், அம்மாவுக்காக என்று சொல். நம் முறைப்படி அம்மாவின் தங்கையும் அம்மாதான், அது பொய்யில்லை. நம் முன்னோர்கள் உன் கூடவே நடக்கட்டும்.

உன் இன்னொரு அம்மா,
லோர்னா