ஆவாரங்குளத்துத் தண்ணீருக்குள் இனி எவருக்கும் வீட்டுமனை வேண்டாம்

அனுப்புநர்:
பெ. வீரலட்சுமி (வயது 41),
க/பெ. பெத்தணன்,
பட்டாசுத் தொழிலாளி (சரம் பின்னுதல்),
வீட்டு எண் 17, மேட்டுச்செவல் புதுக்குடியிருப்பு,
சாத்தூர் வழி, விருதுநகர் மாவட்டம்.
மற்றும் 57 குடும்பத்தார்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், விருதுநகர்.

பொருள்: ஆவாரங்குளம் கண்மாய்க்குள் எங்களுக்கு ஒதுக்கி ரத்தான வீட்டுமனைகளைச் செங்காட்டுத் தெரு மக்களுக்கு ஒதுக்க இருப்பதை நிறுத்தவும், அந்த இடத்தை மீண்டும் கண்மாய் என்றே பதிவேட்டில் ஏற்றவும், அம்மக்களுக்கு எங்கள் மேட்டிலேயே மனை வழங்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் இம்மாவட்டத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பதால், நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். மனு எழுதிக் கொடுப்பவர் ஒரு பக்கம் போதும் என்றார். எங்களுக்கு ஒரு பக்கம் போதவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்த நானே எழுதுவதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். குறை சொல்ல வந்திருந்தாலும் நாங்கள் தோற்று வந்தவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. நாங்கள் முன்பு ஒரு பட்டாசுக் கம்பெனியின் மதிற்சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில் குடியிருந்தோம். எங்கள் தாய் தகப்பன் காலத்தில் காட்டுக் கூலி வேலை. மழை பொய்த்துப் போன பிறகு எல்லோரும் கம்பெனிக்கு வந்துவிட்டோம். 2004-ஆம் ஆண்டு பங்குனியில் அங்கு மருந்து கலக்கும் அறை வெடித்தது. வரிசையில் ஒன்பது வீடுகள் எரிந்தன. வேலையில் இருந்த நாகையா இறந்தார். இவர்களை இங்கே வைத்திருக்கக் கூடாது, வேறிடத்தில் மனை கொடுத்துத் தொகுப்பு வீடு கட்டித் தர வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதற்கு இன்றும் நன்றியுடன் இருக்கிறோம்.

3. ஆனால் எங்களுக்கென்று குறித்த இடம் சர்வே எண் 214/3. அது ஆவாரங்குளம் கண்மாயின் உள்வாய், கண்மாய் நிறைந்தால் தண்ணீர் நிற்கும் இடம். ஒன்பது ஆண்டுகளாகத் தண்ணீர் வராமல் வேலிக்கருவை அடைந்து கிடந்தது. சமதரையாகவும் ரோட்டோரமாகவும் இருந்ததால், பதிவேட்டில் அதை நத்தம், அதாவது குடியிருப்பு நிலம் என்று மாற்றி, நாற்பத்தேழு மனைகளுக்குக் கல் ஊன்றிவிட்டார்கள். கல் ஊன்றிய அன்று அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எங்கள் இருளம்மாள் நில அளவரிடம் சொன்னது: “மழை இருட்டிக்கிட்டு வந்தா ஆட்டை அங்கனருந்துதான் சார் முதல்ல ஓட்டியாருவேன். அங்கன போயி எங்களை இருக்கச் சொல்றீகளே?” நில அளவர் நல்ல மனிதர். தனக்கு வந்த வரைபடத்தில் கண்மாய் இல்லை என்று சொன்னார். அது உண்மையும்கூட.

4. பட்டியலிலும் பிழை இருந்தது. நாற்பத்தேழு குடும்பம் என்பது பழைய கணக்கு, ஆண்களின் பெயரை வைத்து எடுத்தது. நாகையா இறந்ததும் அவர் பெயரை அடித்தவர்கள் அந்தக் குடும்பத்தையே அடித்துவிட்டார்கள். அவர் மனைவி சின்னத்தாய் பட்டியலைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அவுக பேரை அடிச்சீக, சரி. அவுகளோட இருந்த என்னையும் எம்பிள்ளைகளையும் எதுக்கு அடிச்சீக?” என்று கேட்டார். அன்று மாலையே சின்னத்தாயும் நானும் எண்ணத் தொடங்கினோம். பெயரை எண்ணாமல் அடுப்பை எண்ணினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தோம். அடுப்பு ஐம்பத்தெட்டு. ஆட்கள் இருநூற்று முப்பத்தொன்று. ஐந்து வயதுக்குக் கீழ் இருபத்தாறு குழந்தைகள். கணவனை இழந்தோ பிரிந்தோ தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் பெயர்கூடப் பட்டியலில் இல்லை.

5. இடம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு எளிதாக இருந்தது என்று தாங்கள் நினைக்க வேண்டாம். மதிலுக்கு அந்தப் பக்கம் தினமும் மருந்து கலந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளைகளை அந்தச் சுவரோரம் விட்டுவிட்டு வேலைக்குப் போனோம். மறுத்தால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள் என்றும் சொல்லப்பட்டது. என் கணவரே, “கெடைச்சதை வாங்கிட்டுப் போவோம். ஒம்போது வருசமா வராத தண்ணி நம்மளுக்குன்னா வரப்போகுது?” என்று என்னிடம் சண்டை போட்டார். பதினொரு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என் பேச்சைக் கேட்டு இத்தனை பேரும் அங்கேயே இருந்து, இன்னொரு முறை வெடித்துவிட்டால் நான் யாருக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டே சரம் பின்னினேன்.

6. ஆகவே வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், எது வேண்டும் என்று சொல்லத் தீர்மானித்தோம். கண்மாய்க்கு மேற்கே அரை மைலில் ஒரு செவல் மேடு. யார் பெயரிலும் இல்லாத, தீர்வை ஏற்படாத அரசுத் தரிசு. சரளைக் கல், முள். ஆனால் மழைத் தண்ணீர் அங்கே ஒரு நாழிகை நிற்காது, இறங்கிக் கண்மாய்க்குப் போய்விடும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது கம்பெனிப் புகையும் மருந்துத் தூசியும் கிழக்கே போகும், மேட்டுக்கு வராது. பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். வேலைக்கும் நடந்தே போய்விடலாம்.

7. வீடுகள் எப்படி அமைய வேண்டும் என்பதையும் நாங்களே வரைந்தோம். அரசு வரைபடத்தில் நான்கு வரிசை, வீட்டின் முதுகோடு வீடு, தெருவின் ஒரு முனை அடைப்பு. ஐயா, நாங்கள் வேலை செய்யும் இடத்தில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், எந்தப் பக்கமும் ஓடி வெளியேற வழி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மருந்துக்கு நடுவில் இருக்கும்போது எங்களைக் காக்கும் சட்டம், தூங்கும் வீட்டுக்கு மட்டும் ஏன் கூடாது? வீட்டுக்கு முன்னும் பின்னும் கதவு, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வண்டி போகும் இடைவெளி, இரண்டு முனையும் திறந்த தெரு. தனியே இருக்கும் பெண்களுக்குக் குழாயடியை ஒட்டி நடுவில் வீடு. கழிப்பறைகள் கண்மாய்க்கு எதிர்ப்பக்கச் சரிவில். கம்பெனியில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள் தாளின் பின்பக்கத்தில் இதை வரைந்து, ஒட்டி, சுருட்டி எடுத்துக்கொண்டு அலுவலகம் போனோம். ஓசியில் கிடைக்கும் இடத்துக்கு இவ்வளவு பேச்சா என்று ஒருவர் கேட்டார். அவர் பெயரை எழுத விரும்பவில்லை. இன்னொருவர், மேட்டில் தண்ணீர் கிடையாது, பாறையில் அஸ்திவாரம் தோண்ட முடியாது என்றார். ஆவாரங்குளத்துத் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயி பால்பாண்டி அவர்கள், அந்த மேடு தம் மாடுகள் மேயும் இடம் என்று எங்களுக்கு எதிராக மனுக் கொடுத்தார். இப்படியே இரண்டரை ஆண்டுகள் போயின.

8. 2007-இல் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் மழை பிடித்தது. இரண்டு பகலும் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் இருளம்மாள் ஓடி வந்து, “ஏத்தா, கம்மாய் நெறைஞ்சு கெடக்கு, வந்து பாரு!” என்றார். ஊரே கரைக்கு ஓடினோம். நாற்பத்தேழு கல்லில் ஒன்றையும் காணவில்லை. வேலிக்கருவையின் கொப்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அன்று பிற்பகல் வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள் தாமே நேரில் வந்தார்கள். மனைகள் எந்த இடத்தில் என்று கேட்டார்கள். நில அளவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்போது யாரும் சொல்லாமலே என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். இடுப்பு, பிறகு மார்பு. காலால் துழாவிக்கொண்டே போய் நின்று, “சார், பதினேழாம் நம்பர் கல்லு ஆம்புட்டிருச்சு! எங்க வீட்டு வாசல் இங்கனதான்!” என்று கத்தினார். கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். கோட்டாட்சியர் அவர்களும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள் என்று கேட்டார்கள். இருபத்தாறு என்றேன். எங்கள் லேபிள் தாளை வாங்கி ஜீப்பின் மேல் விரித்து நெடுநேரம் பார்த்தார்கள்.

9. என் கணவர் நனைந்தபடி கரையேறி வந்து, அத்தனை பேர் முன்னிலையில், “நீ சொன்னதுதான் சரி” என்றார். திருமணமாகி இருபது ஆண்டுகளில் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை என்பதால் இதையும் மனுவில் எழுதுகிறேன். பால்பாண்டி அவர்களும் அங்கே நின்றார். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு தண்ணீரைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “தாயி, ஒங்க வீடு இதுக்குள்ள இருந்தா நீங்களும் இல்லை, எங்களுக்குத் தண்ணியும் இல்லை. நான் குடுத்த மனுவை நானே வாங்கிக்கிறேன். மாடு எங்கனயும் மேஞ்சுக்கிரும்” என்றார். சொன்னபடியே செய்தார். மேலும், மேட்டின் அடிவாரத்தில் தம் பட்டா நிலத்தில் மூன்று சென்ட்டைக் குடிநீர்க் கிணற்றுக்கென்று பஞ்சாயத்துப் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். கண்மாய் பெருகியிருப்பதால் அந்தக் கிணறு இந்தக் கோடையிலும் வற்றவில்லை.

10. மேடு எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஐம்பத்தெட்டு வீடும் நாங்கள் வரைந்தபடியே எழும்பின. அஸ்திவாரப் பாறையை நாங்களே உடைத்துக் கொடுத்தோம். கம்பெனி விடுமுறை நாட்களில் ஆணும் பெண்ணுமாகக் கடப்பாரை பிடித்தோம். 2009 தைப் பொங்கலை மேட்டில் வைத்தோம். சின்னத்தாய் வீட்டுப் பட்டா சின்னத்தாய் பெயரில் இருக்கிறது. தனித்திருக்கும் மற்ற எட்டுப் பெண்களுக்கும் அப்படியே. கடந்த ஆடி மாதம் ஒரு மதியம் பழைய கம்பெனியில் மறுபடியும் மருந்து அறை வெடித்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் உள்ளே யாரும் இல்லை. நாங்கள் காலி செய்துவிட்டு வந்த வரிசையில் பாதிச் சுவர்கள் சரிந்தன. அன்று அந்தச் சுவர்களுக்குள் ஒரு குழந்தைகூட இல்லை ஐயா. வீட்டிலிருந்தவர்கள் மேட்டில் நின்று பார்த்தார்கள். புகை கிழக்கே போனது. இருநூற்று முப்பத்தொன்றாக வந்தோம், இப்போது இருநூற்று முப்பத்தேழு பேர் இருக்கிறோம்.

11. இனி புகார். எங்களுக்கு மேடு கொடுத்தபோது 214/3-ஐத் திரும்பவும் கண்மாய் என்று மாற்ற யாருக்கும் நினைவு வரவில்லை. பதிவேட்டில் அது இன்றும் நத்தம்தான். காலி மனைகள் இருக்கின்றனவே என்று, இப்போது செங்காட்டுத் தெருவைச் சேர்ந்த நாற்பது குடும்பங்களுக்கு அதே கல், அதே எண்ணில் ஒதுக்கக் கோப்பு நகர்கிறது. அவர்களும் எங்களைப்போல் வேறொரு கம்பெனி மதிலோரம் இருப்பவர்கள். கோப்பை எழுதியவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. பதிவேட்டில் இருப்பதைத்தான் அவர் எழுதியிருப்பார்.

12. அத்தெருவின் மாடத்தி எங்களோடு சரம் பின்னுபவர். நான் விவரம் சொன்னபோது, “குடுத்தா வாங்கிருவோம்க்கா. வேணாம்னு சொல்ல எங்களுக்கு வேற போக்கு என்ன இருக்கு?” என்றார். இதே பேச்சை என் வீட்டில் கேட்டவள் நான். அதனால் கோபப்படாமல் கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துப் போனேன். இந்த ஆண்டும் தண்ணீர் நிற்கிறது. கொக்கும் நாமக்கோழியும் மேய்கின்றன. வெகுநேரம் பார்த்துவிட்டு, “எங்க மனை எங்கனக்கா?” என்று கேட்டார். தண்ணீரைக் காட்டினேன். மறுநாள் நாற்பது குடும்பத்தாரும் எங்கள் மேட்டுக்கு வந்து இம்மனுவில் கையெழுத்தும் கைரேகையும் வைத்தார்கள். இணைப்பைப் பார்க்கவும்.

13. ஆகவே, ஐயா அவர்கள் அந்தக் கோப்பை உடனே நிறுத்தி, சர்வே எண் 214/3-ஐ ஆவாரங்குளம் கண்மாய் என்றே பதிவேட்டில் ஏற்றி, இனி எந்தக் காலத்திலும் குடியிருப்புக்குக் கொடுக்க முடியாதபடி உத்தரவிடுமாறும், நாற்பது குடும்பங்களுக்கும் அடுப்புக் கணக்கை நேரில் எடுத்து மனை ஒதுக்குமாறும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். தீபாவளி முடிந்து கம்பெனிகள் இன்னும் திறக்கவில்லை. தாங்கள் எந்த நாளில் பார்வையிட வந்தாலும் நாங்கள் அனைவரும் கரையில் இருப்போம்.

14. எங்கள் மேட்டின் தென்புறம் நான்கு ஏக்கர் தரிசு சும்மா கிடக்கிறது. அதை அவர்களுக்குக் கொடுப்பதில் எங்களில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை என்று காந்தி ஜெயந்தி கிராமசபையில் தீர்மானம் போட்டிருக்கிறோம். அங்குள்ள முள்ளைப் போன வாரமே வெட்ட ஆரம்பித்துவிட்டோம். உத்தரவுக்கு முன் வெட்டியது தவறென்றால் மன்னிக்கவும். மாடத்தியும் வெட்டுகிறார்.

நாள்: 16.11.2009
இடம்: மேட்டுச்செவல்

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
பெ. வீரலட்சுமி

இணைப்பு:
மேட்டுச்செவல் 58 குடும்பத்தார் மற்றும் செங்காட்டுத் தெரு 40 குடும்பத்தார் கையொப்பம்;
கிராமசபைத் தீர்மான நகல்;
தண்ணீர் நிற்கும் 214/3-இன் புகைப்படம் இரண்டு;
லேபிள் தாளில் வரைந்த குடியிருப்பு வரைபடம் (அசல். பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும்).