நம் வீட்டுக்குப் போட்ட மஞ்சள்

விஸ்வநத்தம்,
மார்கழி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பிரபாகரனுக்கு அம்மா சண்முகத்தாய் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்ன கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார். பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமியின் மகன் ஹரிஷ்குமாருக்கும் நீ இருக்கிற மஸ்கட்டிலேயே வேலை கிடைத்திருக்கிறது, அவன் கையில் இதையும் ஒரு பொட்டலம் சாத்தூர் சேவும் கொடுத்து விடுகிறேன். அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து, கோணல்மாணலாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிடு.

மூச்சு இரைப்பு வந்ததிலிருந்து நான் பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போவதில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், தீபாவளிக்கு அப்புறம் ஆர்டர் இல்லை என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். இந்த நேரத்தில்தான் ஊருக்குள் ஒரு புதுப் பேச்சு வந்தது. ஏழைக் குடும்பங்களுக்கான உதவிகளை எல்லாம் மாற்றி அமைக்கிறார்களாம். இதுவரை சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்து பெயர் எழுதினார்கள், மாடி கட்டிய மெத்தை வீட்டுக்காரர் பெயர் இருக்கும், ஓலைக் குடிசைக்காரி பெயர் இருக்காது. இனி ஊரே ஓரிடத்தில் கூடி, எந்த வீடு ரொம்பக் கஷ்டப்படுகிறது என்று எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டுமாம், அந்த வீட்டுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் வைத்தியமும் பிள்ளைகள் படிப்பும் சேர்ந்து கிடைக்குமாம். இந்தக் கணக்கெடுக்க விருதுநகரிலிருந்து ருமானா என்ற பெண் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் நம் தெரு முழுவதையும் வரைந்தாள். ரொம்பக் கஷ்டப்படும் வீட்டுக்குச் சிவப்பு, சமாளிக்கிற வீட்டுக்கு மஞ்சள், வசதிக்குப் பச்சை.

அதைப் பார்த்ததும் எனக்கு நீ மூன்றாவது படித்த வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. அப்போதும் ஒரு திட்டத்துக்கு இதே மைதானத்தில் இதே போல வரைந்தார்கள். உன் அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை, நம் வீட்டுக்குச் சிவப்பு என்று ஊரே சொன்னது. நீ கூட்டத்துக்குள் புகுந்து போய் அந்தச் சிவப்பைக் காலால் அழித்துவிட்டு, எங்க வீட்டுல சேவல் இருக்கு, நாங்க ஏழை இல்லை என்றாய். எல்லாரும் சிரித்தார்கள், நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். ஆனாலும் சிவப்புதான் நின்றது, அதில் கிடைத்த ரெண்டு ஆட்டில்தான் நீ பத்தாவது வரைக்கும் போனாய். அந்த நாளெல்லாம் எம்புட்டு நன்றாக இருந்தது. சாயங்காலம் பட்டாசு ஆபீஸ் வண்டியிலிருந்து நான் இறங்கும்போதே என் சேலையில் ஒட்டியிருக்கிற மருந்துப் பொடியைப் பார்த்து, இன்னைக்கு சாட்டையா சக்கரமா என்று நீ கண்டுபிடிப்பாய். குளித்துவிட்டுத்தான் உன்னைத் தொடுவேன், அதுவரை வாசலில் ஒற்றைக்காலில் நிற்பாய். கையில் ஒன்றும் இல்லாத காலம்தான், இருந்தாலும் இப்போது அதை நினைத்தால் ஏங்குகிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நம் வீட்டு முறை வந்தபோது ருமானா என்னைப் பார்த்து, மகன் இருக்காங்களாம்மா, கவனிச்சுக்கிறாங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். பாண்டிலட்சுமிக்குத் தெரியும், நீ பணம் அனுப்பி ரெண்டு தீபாவளி போய்விட்டது என்று. அவள் வாயைத் திறக்கும் முன்னே நான் முந்திக்கொண்டு, என் மகன் மஸ்கட்ல அச்சடிக்கிற பிரஸ்ல வேலை பாக்கான், எனக்கு ஒரு குறையும் வைக்கலை, மஞ்சளைப் போடும்மா என்று சொல்லிவிட்டேன். மஞ்சளைப் போட்டார்கள். பாண்டிலட்சுமிக்கு வந்த கோபத்தில் என்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். மகன் இருக்கானான்னு ஏன் கேக்கீக, வீட்டுல உலை கொதிக்குதான்னு கேளுங்க, ஊர் முன்னாடி பெத்த பிள்ளையைக் குறை சொன்னாத்தான் உதவின்னா எந்தத் தாய் சொல்லுவா என்றாள். அந்தப் பெண் முகம் வாடிப்போனாள், நீங்க சொல்றது சரிதான், இந்தக் கேள்வியை மாத்தணும்னு மேலே சொல்றேன் என்றாள். சொல்வாளோ என்னவோ, நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தது.

மறுநாள் அவளே வீடு தேடி வந்தாள். நேராக அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள், அரிசிப் பானையைத் திறந்து பார்த்தாள். ரேஷன் அரிசி இருக்கிறது, பட்டினி இல்லை, நீ பதறாதே. இன்ஹேலர் வாங்குவதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். குடியரசு தினத்துக் கிராம சபையில்தான் பட்டியலை முடிவு செய்வார்களாம், அதுக்குள்ள ஒரு வார்த்தை சொன்னா மாத்திரலாம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏலே, என் மகன் தாயை மறக்கிறவன் இல்லை. கையில் இருந்தால் அனுப்பியிருப்பாய். எனக்குத் தூக்கம் வராதது என் அடுப்பை நினைத்து இல்லை, உன் அடுப்பை நினைத்துத்தான். அங்கே நீ இருக்கிற அறையையும் யாராவது கோலப்பொடியில் வரைந்தால் உனக்கு எந்த நிறத்தைப் போடுவார்கள்? அதை மட்டும் மறைக்காமல் எழுது. மஞ்சள் என்றால் எனக்குச் சந்தோஷம், நீ அனுப்ப ஆரம்பிக்கும்வரை நான் சமாளித்துக்கொள்வேன். சிவப்பு என்றால் கிராம சபையில் நானே எழுந்து நின்று, எங்க வீடு சிவப்புதான், இங்கனயும் அங்கனயும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை, நீயும் படாதே. கிளம்பி வந்துவிடு.

சேவுப் பொட்டலத்தை ஒளித்து வைக்காமல் அறையில் இருக்கிறவர்களுக்கும் கொடு. தலைக்கு எண்ணெய் வை. குடியரசு தினத்துக்கு முன்னே பதில் வர வேண்டும், மறந்துவிடாதே. ஆத்தா மாரி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
பெ. சண்முகத்தாய்