பல் பிரியாத பூண்டு

குஷாய்குடா

அன்புள்ள உங்களுக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் எனக்குப் பேச்சு வராது.

நீங்கள் கொல்லையில் நட்ட யானைப் பூண்டை இன்று பிடுங்கினேன். ஒவ்வொன்றும் பல் பிரியாமல் ஒற்றை உருண்டையாக இருக்கிறது. பக்கத்து வீட்டு பகவதி அக்கா பார்த்துவிட்டு, "இது பூண்டா, வெங்காயமா? உங்க வீட்ல எல்லாமே ஒத்தையாத்தான் இருக்குமோ?" என்றார். சிரித்து வைத்தேன்.

முதல் வருடம் இப்படித்தான், மறுபடி நட்டால் பல் பிரியும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆபீஸ் தூரம் என்று ஊரின் மறுகோடியில் மாதாப்பூரில் அறை எடுத்துப் பெட்டி கட்டினீர்களே, அன்று "போகாதீங்க" என்ற ஒரு சொல் எனக்கு வரவில்லை. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்.

உருண்டைகளைச் சமைக்காமல் நிழலில் காய வைத்திருக்கிறேன். ஐப்பசியில் நட வேண்டும். நீங்கள் வாருங்கள். நட்ட பிறகு திரும்பிப் போகாதீர்கள்.

உங்கள் மனைவி