உடம்புக்குள் எரியும் சோறு

இன்று காலை, ஊறவைத்துக் கட்டியிருந்த விதைநெல் மூட்டைக்குள் கையை விட்டேன். சுட்டது. முளைகட்டிய நெல் சுடும் என்பது பிறந்த வீட்டிலேயே எனக்குத் தெரியும். ஏன் சுடுகிறது என்று சொன்னவர் நீங்கள்தான். கல்யாணமான புதிதில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள்.

"நெல்லும் மூச்சு வுடுது. உள்ள இருக்கிற மாவைக் காத்தோட சேர்த்து எரிக்குது. நாம துன்ற சோறும் அப்டித்தான், தீயில்லாம எரியுது."

அப்படியானால் புகை எங்கே என்றேன். மூச்சாக வெளியே வருகிறதே, அதுதான் என்றீர்கள்.

மாநில எல்லையைப் பிரித்தபோது நம் சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று முடிவானதும், பள்ளியில் உங்களோடு இருந்த வாத்தியார்கள் திருவள்ளூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் கெஞ்சினேன். தமிழ்ப் பிள்ளைகள் இங்கேதானே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டீர்கள்.

பிறகு கல்வி அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். ஒரு பிளாஸ்க்கில் முளைப்பயறும் இன்னொன்றில் அவித்த பயறும் போட்டு, எது சுடுகிறது என்று நீங்கள் காட்டிக்கொண்டிருந்தீர்களாம். மீதிப் பாடத்தைத் தெலுங்கில் நடத்தச் சொன்னார் அவர். சந்தையில் பேரம் பேசும் தெலுங்கு பாடத்துக்குப் போதவில்லை. வார்த்தை கிடைக்காமல் நின்றுவிட்டு, முளைப்பயறை அவரிடம் நீட்டியிருக்கிறீர்கள். அவர் அதைத் தொடாமல் சிரித்தாராம். பிள்ளைகளும் சிரித்தார்களாம். இதை நீங்கள் என்னிடம் சொல்லவேயில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

தமிழ் வகுப்பை மூடினார்கள். உங்களைக் கடப்பைக்கு அப்பால் ஓர் அலுவலகத்தில் காகிதம் அடுக்க அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் நோய் எதுவும் இல்லை என்றார்கள். கஞ்சியை எடுத்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"துன்னலன்னா உடம்பு சும்மா இருக்காது. மொதல்ல கொழுப்பை எரிக்கும், அப்பறம் சதையை. எரிக்க ஒண்ணும் இல்லன்னா நின்னுடும்."

வகுப்பில் பேசும் அதே குரல். எனக்கு உங்களை அறைய வேண்டும்போல் இருந்தது.

"அப்ப நானும் பொண்ணும் இன்னா பண்றது?" என்று கேட்டேன். நீங்கள் சொன்னபடியே, எரிக்க ஒன்றும் இல்லாமல் ஒருநாள் உங்கள் மூச்சு நின்றது.

மகள் இப்போது அதே பள்ளியில் தெலுங்கில் படிக்கிறாள். போன வாரம் சுவாசப் பாடத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். அர்த்தம் கேட்டேன். பரீட்சைக்கு அது வேண்டாம் என்றாள்.

அந்த அதிகாரியின் மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. உங்கள் மேல் உள்ளதுதான் போகவில்லை. எங்களுக்காக ஒரு வாய் கஞ்சி குடித்திருக்கலாம் நீங்கள்.