நான் சேர்த்து வரைந்த கோடு

பேத்தி நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்தாள். அந்த வாசம் வந்ததும் புட்டியை வாங்கி மூடிவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகியும், பயம் வந்தால் உங்களிடம்தான் பேச வருகிறது.

எண்பதுகளில் எருமப்பட்டி வீட்டில் நீங்கள் மைக் செட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் செய்தீர்கள். செம்புத் தகட்டில் நீங்கள் பென்சிலால் கோடு போட்டுத் தர, அதன்மேல் நான் நெயில் பாலிஷ் பூசுவேன். பூசிய இடம் மட்டும் மருந்துத் தண்ணீரில் கரையாமல், கரண்டு ஓடும் கோடாக நிற்கும். கல்யாணத்துக்குக்கூட நகத்தில் பூசாதவள் எத்தனை புட்டி தீர்த்தேன்!

நம் பாப்பா படித்த பள்ளிக்கூடத்தில் புது மாதிரி ஒன்று கேட்டார்கள். மைக் செட்டும், சிவப்பு எண் ஓடி மணியடிக்கிற கடிகாரமும் ஒரே பெட்டிக்குள் வேண்டும் என்றார்கள். கரண்டு திரும்பிப் போகிற கிரவுண்டுக் கோட்டை மைக்குக்கு ஒன்று, கடிகாரத்துக்கு வேறொன்று என்று பிரித்துப் போட்டீர்கள். கரண்டு வரும் இடத்தில் மட்டும்தான் இரண்டும் சேர வேண்டும்; வேறெங்கு தொட்டாலும் கடிகாரத்தின் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அது தெரியவில்லை. இரண்டும் நெருங்கி வந்து தொடாமல் நின்ற ஓரிடத்தில், பென்சில் விட்டுப்போனது என்று நானே பூசிச் சேர்த்துவிட்டேன்.

பெட்டியை ஓடவிட்டதும் ஸ்பீக்கர் வண்டு மாதிரி இரைந்தது. எண் மாறும்போதெல்லாம் இரைச்சலும் மாறியது. இரண்டு நாள் தேடினீர்கள். ஐ.சி. என்கிற சில்லைத் திட்டினீர்களே தவிர, என் கையைச் சந்தேகப்படவில்லை. மூன்றாம் நாள் காலையில், தொழிலில் பலரும் செய்கிறபடி பிளக்கில், கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த்துக் கம்பியை வெட்டினீர்கள். இரைச்சல் பாதியானது.

"ஏனுங்க, ஷாக் அடிக்காதுங்களா?"

"பாதி ஊரு மைக் செட்டு இப்படித்தான் ஓடுது புள்ள" என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள்.

பிறகுதான் நீங்கள் படம் போட்ட தாளைப் பார்த்தேன். நான் சேர்த்த இடத்தில் வட்டம் போட்டு, 'சேரக் கூடாது' என்று எழுதியிருந்தீர்கள். என் கோடு இரைந்ததற்குத்தான் எர்த்தை வெட்டினீர்கள் என்று புரிந்தது. அன்று முதலில் மைக் பிடிக்கப் போகிறவள் பாப்பா. பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

"ஏனுங்க, கோட்ட நாந்தானுங்க சேத்துப்புட்டேன். புள்ளைய மைக்கத் தொட உடாதீங்க!"

வாத்தியார்கள் சிரித்தார்கள். "இங்க வந்து மானத்த வாங்காத. இந்தா, பாத்துக்க" என்று மைக்கின் இரும்புக் கம்பியில் டெஸ்டரை வைத்தீர்கள்.

டெஸ்டரில் விளக்கு எரிந்தது. மைக்கில் கரண்டு.

பாப்பா இரண்டடி தள்ளி, தண்ணீர் தெளித்த தரையில் வெறுங்காலோடு நின்றாள்.

பிளக்கைப் பிடுங்கினீர்கள். உள்ளே இரும்புப் பெட்டியை உரசிக்கொண்டிருந்த ஒயரை மாற்றினீர்கள். வெட்டிய எர்த்துக் கம்பியைத் திரும்ப முறுக்கிச் சேர்த்தீர்கள். நான் சேர்த்த கோட்டை பிளேடால் சுரண்டினீர்கள். மறுபடி போட்டபோது எண் ஓடியது, வண்டுச் சத்தம் இல்லை. நாலைந்து தடவை டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் பாப்பாவை விட்டீர்கள். அவள் என்ன பேசினாள் என்று நம் இருவர் காதிலும் விழவில்லை.

"பாப்பாகிட்டச் சொல்லிப்புடாத சாமி" என்றீர்கள், திரும்பி வரும்போது. தப்பு யாருடையது என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இப்போது அவள் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். அவள் பேசுகிற மேடையில் எல்லாம் நீங்கள் முன்னால் போய்ச் சோதித்துவிட்டு வருவீர்கள். "அப்பாவுக்கு வேற வேலையில்ல" என்பாள்.

போன வாரம் பள்ளி விழா. அவள் மேடையேறினாள். முன்னால் போய்ச் சோதிக்க ஆளில்லை. சனமெல்லாம் பார்க்க எழுந்துபோய், அவள் கை நீட்டும் முன், அந்த மைக்கை நான் பிடித்தேன்.